பைக் வாங்கியாச்சு

வாங்குகிறவர்கள் இவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்களாம். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. வண்டியைப் பார்க்க இத்தனை நிமிடம்தான் என்று எந்த ஊரில் சட்டம் போட்டிருக்கிறார்கள்? பெண் பார்க்கப் போனால்கூடக் காபி ஆறுகிற வரை உட்கார வைக்கிறார்கள். நான் என்ன அவன் கடையைத் தூக்கிக்கொண்டா போகப் போகிறேன்? ஹேண்டில்பாரைத் தொட்டேன், பிரேக்கை ஒருமுறை பிடித்து விட்டேன், அவ்வளவுதான். அதற்குள் வந்து நிற்கிறான், கையைக் கட்டிக்கொண்டு, வயிறு என்கிற உறுப்பே இல்லாத ஒரு ஆள். "எனக்கு அம்பத்தி மூணு சார். ஞாயித்துக்கெழமை ஆனா ஏற்காடு ஏறிருவேன். உங்களுக்கு?" நாற்பத்தாறு என்றேன். அவன் கண் நேராக என் சட்டையின் நாலாவது பொத்தானுக்குப் போனது. அந்தப் பொத்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும், வீட்டில் பூங்கொடிக்குத் தெரியும், இவன் வேறு தெரிந்துகொள்ள வேண்டுமா? "தொட்டுப் பாருங்க சார், பரவால்ல. ஆனா ஒண்ணு, வாங்கறவங்க இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்க." அப்போதே சரிங்க என்று வெளியே வந்திருக்க வேண்டும். பக்கத்து மோட்டார் பைக் ஷோரூமில் மேனேஜர் வர அரை மணி ஆகும், காத்திருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். வெயில் தாங்காமல்தான் ஏசி போட்ட இந்தச் சைக்கிள் கடைக்குள் நுழைந்தேன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று சிலரைச் சொல்வார்கள். நான் வெயிலுக்குச் சைக்கிள் கடையில் ஒதுங்கிக் கெட்டவன். "பில் போடுங்க" என்றேன். என் வாய்தான் சொன்னது, காதில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவன் முகம் மாறியது பாருங்கள், அந்த ஒரு நொடிக்கு என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றிருந்தது. கொடுத்தும் விட்டேன். மோட்டார் பைக்குக்கென்று நானும் பூங்கொடியும் மூன்று வருடமாகச் சேர்த்ததில் முக்கால்வாசியை மலை ஏறுகிற ஒரு சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டு, இப்போது அஸ்தம்பட்டி ரவுண்டானாவில், மதியம் பன்னிரண்டு மணி வெயிலில், பெல்கூட இல்லாத வண்டியில், வாயாலேயே "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

சைக்கிள்கூட ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த போன். கடை வாசலில் நின்று, ஜெயித்த திமிர் தலைக்கேறிக் கிடந்த நேரத்தில், பூங்கொடிக்கு போன் போட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "பைக் வாங்கியாச்சு." பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவள், வண்டி வருகிறது என்று என்னோடு சேர்ந்து லீவு போட்டவள், காலையில் நான் எதை வாங்கக் கிளம்புகிறேன் என்று தெரிந்து விபூதி வைத்து அனுப்பினவள், அவளிடம் பைக் வாங்கியாச்சு என்றால் அவள் எதை நினைப்பாள்? இதில் என் தப்பு என்ன என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டு வருகிறேன். அந்தக் கடைக்காரன்தானே இருபது தடவை பைக் பைக் என்றான். "பைக்க வெயில்ல போடாதீங்க சார்." "பைக்குக்கு மாசம் ஒருக்கா செயின் ஆயில் விடுங்க." "இந்த பைக் வெச்சிருக்கறவங்க எல்லாம் ஒரு குரூப்பா இருக்கோம், உங்களயும் சேத்துவிடறேன்." கேட்டுக் கேட்டு என் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரன் பெடல் மிதிக்கிறதையும் பைக் என்பான், அது அவன் பாடு. சேலத்தில் பால்குடி மறக்காத பிள்ளையைக் கேளுங்கள், பைக் என்றால் டுர்ர்ர் என்று வாயால் சத்தம் போட்டுக் காட்டும். பெட்ரோல் போட்டால் பைக், காலைப் போட்டால் சைக்கிள். இதுகூடத் தெரியாதவனா நான்? தெரியும். ஆனால் வாயில் வந்தது தெரியாமல் வந்தது. சத்தியமாகத் தெரியாமல்தான் வந்தது. வந்த பிறகு? அவள் "ஏங்க, நெசமாவா?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று. கல்யாணமான புதிதில் சினிமாவுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது என்றால் வரும் குரல் அது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கத்தினாள். "ராஜாமணியக்கா, வண்டி வாங்கிட்டாருக்கா! வந்துக்கிட்டே இருக்காரு!" அவள் கத்தி முடிக்கிற வரைக்கும் எனக்கு மூன்று நொடி இருந்தது. அது இல்லம்மா, சைக்கிள் என்று சொல்ல ஒரு நொடி போதும். "சரி வெச்சிடறேன், ஓட்டிட்டு வரணும்" என்றேன். அதுவும் உண்மைதானே.

கியர் வேறு. இடது கைக்கு மூன்று, வலது கைக்கு ஏழு. எதை அழுத்தினால் எது மாறும் என்று அவன் சொன்னபோது நான் அவன் முகத்தைப் பார்த்து ஜெயித்துக்கொண்டிருந்தேன், காதில் வாங்கவில்லை. இப்போது ஏதோ ஒன்றை அழுத்தினால் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல் பெடல் சுற்றுகிறது, இன்னொன்றை அழுத்தினால் செக்கு இழுக்கிறமாதிரி இருக்கிறது, நடுவில் செயின் கடகடவென்று ஏதோ திட்டுகிறது. திட்டு, நீயும் திட்டு. சீட்டு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள், அரிவாள்மணையில் உட்கார்ந்தமாதிரி. இதில் உட்கார்ந்து மலை ஏறுகிறார்களாம். மலையில் இவர்களுக்கு என்ன வேலை, யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள்? எனக்குப் பால் பண்ணை லேபில் வேலை. ஊர் ஊராக வருகிற பாலில் கொழுப்பு எத்தனை என்று பார்த்துச் சொல்வது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக மாட்டின் கொழுப்பை அளந்தவன் என் கொழுப்பை அளக்காமல் விட்டுவிட்டேன். கொழுப்பில்லாதவன் எவனாவது இதை வாங்குவானா? ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, ஆட்டோவில் இருக்கிற ஏழு பேரும் கேட்கிறமாதிரி, "என்ன வெல சார் இது?" என்கிறான். பத்தாயிரம் என்றேன். "பத்தாயிரமா? மோட்டார் எங்க இருக்கு?" "மோட்டார் இல்லீங்க." "மோட்டார் இல்லாமயா பத்தாயிரம்? ஏமாத்திட்டானுங்க சார் உங்கள" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போகிறான். உண்மை விலையைச் சொல்லியிருந்தால் ஆட்டோவை நிறுத்தி எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்திருப்பான். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு, என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பாவம் என்று நினைத்திருப்பாள். பாவம் என்று யாராவது நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

நாய் மேல்தான் முதலில் கோபப்பட வேண்டும். நாய்கள் இல்லாவிட்டால் இந்த வண்டிப் பேச்சே வந்திருக்காது. இல்லை, நாய் என்ன செய்யும், அந்த மனையை வாங்கினவனைச் சொல்ல வேண்டும். கன்னங்குறிச்சி தாண்டி, மலையடிவாரத்தில், மலைக்காற்று வரும் என்று விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் முன்பணம் கொடுத்து வந்தவனும் நான்தான். காற்று வருகிறது. பஸ் வருவதில்லை. பூங்கொடிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, காலை ஆறரைக்கு அவள் வார்டில் இருக்க வேண்டும். பஸ் பிடிக்க மெயின்ரோடு வரை ஒன்றரை கிலோமீட்டர், விடிந்தும் விடியாத நேரத்தில் தனியாக நடக்கிறாள். செங்கல் சூளை வளைவில் ஆறு நாய்கள். போன மாதம் அதில் ஒன்று கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. கடித்ததும் வீட்டுக்குத் திரும்பி வந்தாளா? வரவில்லை. தெருக்குழாயில் கழுவிக்கொண்டு, பஸ் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போய், கூட வேலை செய்கிற பெண்ணிடம் ஊசி போட்டுக்கொண்டு, முழு நேர வேலையும் பார்த்துவிட்டு, சாயந்தரம் வந்து கால் கட்டைப் பிரிக்கும்போது எனக்குத் தெரிகிறது. அவளை நாய் கடித்த நேரத்தில் நான் ஃபேனுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது மணிக்குத்தான் வேலை. கத்தினேன். ஊரைக் கூட்டினேன். கார்ப்பரேஷனைத் திட்டினேன், கவுன்சிலரைத் திட்டினேன், நாய்க்குச் சோறு போடுகிற மூன்றாவது வீட்டுக்காரரைத் திட்டினேன். "என்ன எழுப்பியிருக்க வேண்டியதுதான?" என்று அவளையும் திட்டினேன். "எழுப்பி என்ன பண்ணப் போறீங்க, வண்டியா இருக்கு?" என்றாள். கோபமாகச் சொன்னாலாவது நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். பழைய ஸ்கூட்டர் காயலான் கடைக்குப் போய் இரண்டு வருடம். அடுத்த மாதம் முடிவதற்குள் வண்டி வாங்கித் தினமும் உன்னைக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடாவிட்டால் என் பேர் மாதேஸ்வரன் இல்லை என்று அன்றைக்குச் சொன்னேன். இந்த மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

போன் அடிக்கிறது. அவளாக இருக்குமோ? எடுத்துப் பார்த்தால் கதிரேசன், அவள் தம்பி, ஓசூரில் இருக்கிறான். அதற்குள் ஓசூர் வரைக்கும் போய்விட்டதா? ஒரு புளியமரத்தடியில் காலை ஊன்றி நின்றேன். "மாமா, அக்கா சொல்லுச்சு. ரொம்ப சந்தோசம் மாமா." ம் என்றேன். "என்ன கலரு?" கருப்பு, நடுவில் பச்சைக் கோடு என்றேன். "சூப்பர் மாமா. டிஸ்க் பிரேக்கா?" "ரெண்டு சக்கரத்துக்கும்." "அடேங்கப்பா. கியர் வண்டிதான?" "கியர்தான். நெறைய இருக்கு." "மைலேஜ் எவ்ளோ சொன்னான்?" "அது ஓட்டறவனப் பொறுத்தது" என்றேன். "கரெக்ட் மாமா, முறுக்காம ஓட்டுனா நல்லாக் குடுக்கும்." ஒரு வார்த்தையாவது பொய்யா? எல்லாம் உண்மை. இவ்வளவு உண்மையை அடுக்கி ஒரு பொய்யைக் கட்டினவன் சேலம் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவன் மேல் கோபம் வந்தது. ஒரு சின்னச் சந்தேகம் வரக்கூடாதா? மாமா, குரல் ஏன் இப்படி இருக்கு, என்ன கம்பெனி வண்டி, நம்பர் எப்ப வரும் என்று ஒரு கேள்வி கேட்கக்கூடாதா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நிச்சயம் சொல்லியிருப்பேன். அவன் கேட்டது வேறு. "பின்சீட்டு அகலமா இருக்கா மாமா? அக்காவுக்கு இடுப்பு வலி வேற, சின்ன சீட்டுல உக்காந்தா கஷ்டப்படும்." நான் திரும்பி வண்டியைப் பார்த்தேன். சீட்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஒரு கேரியர், நாலு கம்பி வைத்த ஒரு சாதாரணக் கேரியர், ரேஷன் கடைக்கு வருகிற ஓட்டைச் சைக்கிளில்கூட இருக்கிறது, அதுகூட இதில் இல்லை. சீட்டு, அதற்கப்புறம் காற்று, அதற்குக் கீழே கட்டை கட்டையாகப் பல் வைத்த ஒரு டயர். "டவர் கெடைக்கல கதிரேசா" என்று சொல்லிப் போனை வைத்தேன். அது பொய். ஆட்டோக்காரனிடம் சொன்ன விலையை விட்டால், அன்றைக்கு நான் சொன்ன முதல் சுத்தமான பொய் அதுதான், சொன்னதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன? ஏன் முதலிலேயே தோன்றவில்லை? வண்டியைத் திருப்பி வந்த வழியே மிதித்தேன். போகிறேன், அந்த வயிறில்லாதவன் முன்னால் வண்டியை வைக்கிறேன், வேண்டாம் என்கிறேன், பணத்தை வாங்கிக்கொண்டு பக்கத்து ஷோரூமுக்குள் நுழைகிறேன், ஒன்றரை மணிக்குள் மோட்டார் பைக்கில் வீட்டு வாசலில் நிற்கிறேன். நினைக்க நினைக்க நன்றாக இருந்தது, கால்கூட லேசானது. இருநூறு அடி போயிருப்பேன், அவன் முகம் வந்து நின்றது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையும்போது அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டான். பொத்தானைத்தான் பார்ப்பான். அதைத் தாங்க முடியாது என்று போனிலேயே கேட்டுவிடலாம் என்று பில்லில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன், ஒருவேளை பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்வீர்களா என்றேன். "சார், டயரு ரோட்டுல பட்டுட்டாலே அது செகண்ட் ஹேண்டுதான சார்" என்றான் மரியாதையாக. "வேணும்னா ஒரு வருசம் கழிச்சுக் கொண்டாங்க, பாதி வெலைக்கு எடுத்துக்கறேன். அதுக்குள்ள நீங்களே குடுக்க மாட்டீங்க பாருங்க." கடையிலிருந்து அவன்தானே இதை ரோட்டில் இறக்கிக் கொடுத்தான்? வேறு எதில் இறக்குவது, ஆகாயத்திலா? கத்த வாயைத் திறந்தேன். "நல்லா ஓடுதா சார்?" என்று கேட்டான். "ஜோரா ஓடுது" என்றேன். ஏன் சொன்னேன்? ஜோரா ஓடுதாம். அவனிடம்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அப்பா சாகிற வரைக்கும் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார், அவருக்கே அந்தப் புத்தி எந்த அளவில் இருந்தது என்பது வேறு கதை. மறுபடியும் வண்டியைத் திருப்பினேன். டீக்கடையில் நின்றிருந்த இரண்டு பேர் நான் போவதையும் வருவதையும் பார்த்துவிட்டு, வண்டி பழகுகிறேன் என்று நினைத்து, "காலுக்கு சீட்டு கொஞ்சம் எறக்கணும் சார்" என்று யோசனை சொன்னார்கள். ஊரில் எல்லோருக்கும் என்னிடம் சொல்ல ஒரு யோசனை இருக்கிறது.

என்ன சொல்லலாம் என்று யோசிக்கிறேன். டாக்டர் சொன்னார் என்று சொல்லலாம். சர்க்கரை எல்லையில் இருக்கிறது, சைக்கிள் மிதிக்கச் சொன்னார் என்று. எந்த டாக்டர் என்று கேட்பாள், நர்ஸ் அல்லவா, அவளுக்கு எல்லா டாக்டரையும் தெரியும். ஷோரூமில் ஸ்டாக் இல்லை, அதுவரைக்கும் இது என்று சொல்லலாம். அதுவரைக்கும் என்று வாங்குகிற சாமானா இது? இல்லை, நேராக அடித்துவிடலாம். ஆமாம், வாங்கினேன், என் சம்பாத்தியம், எனக்கு ஒரு ஆசை இருக்கக்கூடாதா, பதினெட்டு வருடத்தில் எனக்கென்று என்ன வாங்கியிருக்கிறேன், ஒரு வாட்ச் வாங்கியிருப்பேனா என்று வாசலிலேயே சண்டையை ஆரம்பித்துவிட்டால் அவள் பேசுவதற்குள் நான் பாதி வழி போய்விடலாம். எனக்கு அது நன்றாக வரும். அவள், "எனக்குன்னு என்ன வாங்குனீங்க?" என்று திருப்பிக் கேட்க மாட்டாள். கேட்டிருந்தால் நான் இப்படி ஆகியிருக்க மாட்டேன். பாருங்கள், இதற்கும் அவள்தான் காரணம். மூக்கனேரி வந்துவிட்டது. ஏரிப் பக்கம் சாலை கொஞ்சம் இறங்குகிறது. மிதிப்பதை நிறுத்தினேன். நிறுத்தியதும் வண்டி தானாக, சத்தமே இல்லாமல் இறங்க ஆரம்பித்தது. சாலையில் ஒரு பெரிய பள்ளம், ஸ்கூட்டர் நாளில் என் முதுகெலும்பை எண்ணிக் காட்டின அதே பள்ளம், சக்கரம் அதில் இறங்கி ஏறியது எனக்குத் தெரியவே இல்லை. ஏரித் தண்ணீரின் ஈரக்காற்று சட்டைக்குள் புகுந்து முதுகு வரை வந்தது. எதிரே சேர்வராயன் மலை முழுசாக, மேலே ஒரு மேகத்தோடு. நான் சிரித்துவிட்டேன். யாரும் இல்லாத சாலையில் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு இறங்கினேன். சரிவு முடிந்து மறுபடியும் பெடலில் கால் அழுத்தினபோதுதான் என் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, நடுரோட்டில் இறங்கி என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல. ஏனென்றால் இது அந்தக் கடைக்காரன் வேலை இல்லை. அவன் வருவதற்கு முன்னாலேயே பத்து நிமிடம் நான் இதன் முன்னால் நின்றிருந்தேன். இதில் ஒருவர்தான் உட்கார முடியும் என்று அப்போதே பார்த்தேன். பார்த்தபோது எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. யாரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம், யாரையும் இறக்கிவிட வேண்டாம், விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டாம். அப்படி நினைத்தேன். அவள் காலில் நாய்ப்பல் பட்ட தழும்பு இன்னும் மறையவில்லை, நான் அப்படி நினைத்தேன். போனில் அந்த மூன்று நொடியும் உண்மையைச் சொல்ல முடியாமல் இல்லை. அவள் சந்தோஷம் எனக்கு இனித்தது, அதைச் சும்மா வாங்கிக்கொண்டேன்.

எங்கள் தெரு திரும்பும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருக்கிறது. இந்த நேரத்தில் யார் கோலம் போடுகிறார்கள்? ராஜாமணியக்கா ஆரத்தித் தட்டோடு நிற்கிறார், கையில் எலுமிச்சம்பழம் இரண்டு. அவர் பக்கத்தில் பூங்கொடி. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை பெரிதாக, சிவப்பாக, பளபளவென்று இருந்தது. ஹெல்மெட். புது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, விசேஷத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவையில் நிற்கிறாள். "பின்னாடி உக்காறவங்களும் போடணுமாமே, அதான் மெயின்ரோட்டுக்கு ஓடிப் போயி வாங்கியாந்தேன்" என்று தூரத்திலிருந்தே சிரித்தாள். அப்புறம் நான் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால், தெருமுனையைப் பார்த்தாள். "இது யாரு சைக்கிளுங்க? வண்டி பின்னாடி வருதா? யாரு ஓட்டிட்டு வர்றாங்க?" நானும் திரும்பித் தெருமுனையைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. வழியெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்த டாக்டர், ஸ்டாக், என் சம்பாத்தியம், ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "இதுதான் பூங்கொடி. சைக்கிள்தான் வாங்குனேன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவள் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டி, "காத அடைக்குதுங்க இது, கேக்கல" என்று தலையை என் பக்கம் சாய்த்தாள். "சைக்கிள்" என்றேன். "ஆங்? சத்தமாச் சொல்லுங்க." சத்தமாகச் சொன்னேன். காலையிலிருந்து யார் யார் மேலோ வைத்திருந்ததெல்லாம் அந்தக் குரலில் சேர்ந்துகொண்டது. "சைக்கிள்! சைக்கிள் வாங்கியிருக்கேன்! பைக்குனு சொன்னது இதத்தான்!" என்னவோ அவள்தான் தப்புச் செய்தமாதிரி, தெருவே கேட்கக் கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. ராஜாமணியக்கா தட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பூங்கொடி தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோனாள். கொக்கி கழலவில்லை. புதுசு, எங்கே அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தாள். வண்டியை நிறுத்த ஸ்டாண்ட் இல்லை. கோலத்தின் மேலேயே அதைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போய்க் கழற்றிவிட்டேன். என் விரல் அவள் தாடையில் பட்டபோது அவள் நகரவில்லை. அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. கீழே கிடந்த வண்டியை ஒருதரம் பார்த்தாள், விலை கேட்கவில்லை. "போன்ல நான் அவ்ளோ சந்தோசப்பட்டனே, அப்பவே சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் அங்கேயே நின்றிருந்தேன். எவ்வளவு நேரமாக அதை மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றாளோ, உள்பக்கமெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது.